ஐயாற்று மீன்கள் (கொல்லிமலை)

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில், பெரியகோவிலூர் அறப்பளீசுவரர் கோயிலை ஒட்டி ஓடும் ஐயாற்றில் வாழும் மீன்கள் தெய்வத்துக்கு உரியவையாகக் கருதப்படுபவை. கடலிலிருந்து தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள இந்த ஊரில் தூண்டில் விளையாட்டு கிடையாது. இங்கே மீனுக்கு இரை போடுவதுதான் வழக்கம், பிடிப்பது குற்றம்.

கோயில் தேவார வைப்புத்தலங்களுள் ஒன்று; அம்பலவாணக் கவிராயரின் 'அறப்பளீசுர சதகம்' இத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டது. கோயிலுக்கு அருகே ஆறு ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புலியஞ்சோலை வழியாகத் திருச்சி மாவட்டத்துச் சமவெளிக்கு இறங்குகிறது.

மீன்களைப் பற்றிய தலக்கதை மலையில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆற்றில் மீன் பிடித்தவர்கள் அதை அறுத்துச் சட்டியில் இட்டு அடுப்பேற்றினார்கள். குழம்பு கொதிக்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, மீன் உயிர் பெற்றுத் துள்ளி ஆற்றுக்கே திரும்பியது. அறுத்த மீனைப் பொருத்திய ஈசன் என்று அறப்பளீசுவரரைப் போற்றுவது இதனால்தான். ஆடிப் பதினெட்டில் ஆற்றில் நீராடிவிட்டு மீன்களுக்கு இரை போட்டபின் கோயிலுக்குள் போவார்கள். சிருங்கேரியிலும் தீர்த்தஹள்ளி அருகே சிப்பலகுட்டேயிலும் துங்கை ஆற்று மீன்களுக்கு இதே காப்பு உண்டு.

இந்தக் காப்பின் அருமை காவிரியின் கதையைப் பார்த்தால் விளங்கும். மலை மாவட்ட ஆறுகளில் தூண்டில் போடுவது ஆங்கிலேயர் காலத்தில் பெரிய பொழுதுபோக்கு. சென்னை மாகாண அதிகாரி ஹென்றி சலிவன் தாமஸ் 1873இல் அதற்கென்றே ஒரு நூல் எழுதினார். ஆங்கிலேயர்கள் தேடிய மீன் மஹசீர். 1946இல் காவிரியின் கிளை ஆறான கபினியில் வான் இன்ஜென் என்பவர் பிடித்த மஹசீர் 120 பவுண்டு, ஏறத்தாழ 54 கிலோ. பிற்காலத்தில் காவிரிக் கரையின் பீமேஸ்வரி, காலிபோர் தூண்டில் முகாம்களில் பிடித்த மீனை விட்டுவிடும் முறை வந்தது. முறையாகச் செய்தால் அது நல்ல முறைதான்: கையை நனைத்துக்கொண்டு, மீனை நீருக்கு மேலே தூக்காமல் முள்ளைக் கழற்றி, தலை நீரோட்டத்தை நோக்கியிருக்கும்படி தாங்கிப் பிடிக்க வேண்டும். செவுள்கள் சீராக அசைந்து, வாலை அடித்து அதுவாகவே போகும்வரை கையை எடுக்கக் கூடாது. 

ஆனால் காவிரியைக் காக்க அது மட்டும் போதவில்லை. வெடி வைத்து மீன் பிடித்தார்கள். அணைகள் ஆற்றை மறித்தன. மஹசீரைப் பெருக்குவதாக எண்ணி, லோனாவ்லா பண்ணையில் பொரித்த வேறோர் இனத்துக் குஞ்சுகளை ஆற்றில் விட்டார்கள். வந்த இனம் பெருகியது, காவிரிக்கே உரிய திமில் மஹசீர் அருகியது. 2018இல் அது மிக அருகிவிட்ட இனமாக உலகப் பட்டியலில் சேர்ந்தது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருந்த அந்த முகாம்களில் தூண்டில் போடுவதும் 2010களின் தொடக்கத்தில் நின்றது.

ஐயாற்றில் குஞ்சு விடவும் இல்லை, கணக்கெடுத்துப் பிடிக்கவும் இல்லை. ஒரு கதையும் அதை நம்பும் ஊரும் மீனைத் தொடாமல் வைத்தன. அந்த நம்பிக்கையை மதிக்காமல் ஆற்றைக் காக்க முடியாது. அதே சமயம், தண்ணீர் கெட்டால் எந்த நம்பிக்கையும் மீனைக் காப்பாற்றாது. ஆடி மாதக் கூட்டத்தில் ஐயாற்றுக்குப் போகிறவர்கள் சோப்பும் எண்ணெயும் பிளாஸ்டிக் பைகளும் ஆற்றில் சேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மீனுக்கு இரையையும் அளவோடு போட வேண்டும்.