நம்பகமா, பாதுகாப்பா: ஓபன்பிஎஸ்டி பிழைதிருத்தப் பட்டியலில் ஒரு வகைப்பாட்டின் வரலாறு

ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒரு பிழைதிருத்தப் பட்டியல் உண்டு. வரிசை எண், தேதி, எந்தக் கணினி வகைகளுக்குப் பொருந்தும் என்ற குறிப்பு, பிழையைப் பற்றி ஓரிரு வாக்கியம், திருத்த நிரல் கிடைக்குமிடம். இவ்வளவுதான் ஒரு பதிவு. பெரும்பாலான பதிவுகளின் தலையில் இரண்டு பெயர்களில் ஒன்று தடித்த எழுத்தில் இருக்கும்: பாதுகாப்புத் திருத்தம் அல்லது நம்பகத் திருத்தம். வெளியாள் உள்ளே புக வழிவிடும் பிழை முதல் வகை. கணினியை விழச் செய்யும், அல்லது தாறுமாறாக நடக்க வைக்கும் பிழை இரண்டாம் வகை. இந்தப் பெயரைப் பிழையின் இயல்பைச் சொல்வதாகவே எல்லோரும் வாசிக்கிறோம். அது திருத்தியவருக்கு அன்றைய தேதியில் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். வாசிப்பை மாற்றிக்கொண்டால் சில நடைமுறைகளையும் மாற்ற வேண்டியிருக்கும்.

வேறெந்தத் திட்டத்தையும்விட ஓபன்பிஎஸ்டியில் இந்தப் பிரிவினை வியப்பூட்டுவது. தியோ டி ராட் 1995இல் நெட்பிஎஸ்டியிலிருந்து பிரிந்து, கனடாவின் கால்கரி நகரிலிருந்து நடத்திவரும் திட்டம் இது. நிரல் முழுவதையும் கோப்பு கோப்பாகத் தணிக்கை செய்வது இவர்கள் வழக்கம். அந்தத் தணிக்கைக்கு இவர்கள் சொல்லும் நியாயம், தாங்கள் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடுவதைவிடச் சாதாரண நிரல் பிழைகளையே தேடுகிறோம் என்பது. இன்று வெறும் பிழையாகக் கருதித் திருத்தியது, சில ஆண்டுகள் கழித்து ஓட்டையாக இருந்ததென்று எவராவது கண்டுபிடித்தால், ஏற்கெனவே அடைத்தாகிவிட்டது, லாபம்தானே. இந்தக் கொள்கையின்படி பார்த்தால் பிழைகளை இரண்டாகப் பிரிக்கவே வேண்டியதில்லை. ஆனால் பட்டியல் பிரிக்கிறது. நிரலைத் திருத்தும்போது மறுத்த பாகுபாட்டை, அறிவிக்கும்போது திரும்ப ஏற்றுக்கொள்கிறார்கள்.

இந்த முரண் பட்டவர்த்தனமானது 2007 மார்ச்சில். அந்த நிகழ்வைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும்.

வலையமைப்பின் வழியே வரும் பாக்கெட்டுகளை பிஎஸ்டி கெர்னல்கள் எம்பஃப் எனப்படும் சிறு நினைவகத் துண்டுகளின் சங்கிலியாக வைத்துக்கொள்கின்றன. ஒரு துண்டு 256 பைட். அதில் தலைப்பகுதி போக மிஞ்சுவதுதான் தரவுக்கு. தரவு பெரிதென்றால் 2048 பைட் கொண்ட வெளித்தொட்டி ஒன்றைத் துண்டோடு இணைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தொட்டியை எந்தச் செயற்கூறைக் கூப்பிட்டு விடுவிப்பது என்ற முகவரி, எம்பஃபின் தலைப்பகுதியிலேயே இருக்கும். துண்டுதுண்டாக வரும் ஐபிவி6 பாக்கெட்டுகளைக் கையாளும் வழியில், இந்தச் சங்கிலியின் ஒரு கண்ணியை நகலெடுக்கும் சிறு செயற்கூறு ஒன்று, சிறிய துண்டுக்குள் அது கொள்ளாத அளவுத் தரவைக் கொட்டியது. வழிந்தது பக்கத்துத் துண்டின் தலையில் போய் விழுந்தது.

கோர் செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டு பிப்ரவரி 20 அன்று ஓபன்பிஎஸ்டி குழுவுக்குத் தெரிவித்தார்கள். குழு தாமதிக்கவில்லை, சில நாட்களிலேயே வளர்ச்சிக் கிளையில் பிழையைத் திருத்திவிட்டது. தகராறு வந்தது பெயரில்தான். பிப்ரவரி 28 அன்று குழு தெரிவித்த கருத்தின் சாரம்: கெடுவது எம்பஃபின் தலைப்பகுதிப் புலங்கள், அங்கே அனுப்புநரின் தரவு எதுவும் வருவதில்லை, இத்தனை ஆழத்தில் உள்ள பிழையைக் கொண்டு ஒருவர் விரும்பிய நிரலை ஓட்ட முடிந்தால் அது வியப்புக்குரியது. மார்ச் 5 அன்று கோர் ஆய்வாளர்கள் அதைச் செய்து முடித்திருந்தார்கள். பக்கத்துத் துண்டின் தலையில் இருக்கும் அந்த விடுவிப்புச் செயற்கூறின் முகவரிதான் அவர்கள் பிடித்த இடம். அதை மாற்றி எழுதிவிட்டால், கெர்னல் துண்டை விடுவிக்கப் போகும்போது தாக்குபவர் காட்டிய முகவரிக்குத் தாவுகிறது. தாவுவது கெர்னலின் அதிகாரத்தோடு. அதற்கு மேல் அனுமதி கேட்க எவரும் இல்லை.

மார்ச் 7 அன்று 4.0, 3.9 ஆகிய வெளியீடுகளுக்கான திருத்தம் வந்தபோது அதன் பெயர் நம்பகத் திருத்தம். மார்ச் 9 அன்று பெயர் பாதுகாப்புத் திருத்தம் என்று மாறியது. 13 அன்று கோர் தன் அறிக்கையை வெளியிட்டது. 2002 ஜூனில் ஓபன்எஸ்எஸ்எச்சில் அகப்பட்ட ஓட்டைக்குப் பிறகு, இயல்பு நிறுவலில் தொலைவிலிருந்து புகக்கூடிய ஓட்டை ஒன்றே ஒன்று என்று தன் முகப்பில் எழுதிவைத்திருந்த திட்டம், அந்த எண்ணை இரண்டாக்கியது.

இதைக் குழுவின் பிடிவாதத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிப்ரவரி 28இன் வாதம் மடமையானதல்ல. கெர்னலைப் பராமரிப்பவர்களே, தங்கள் நிரலை நன்கறிந்து சொன்ன மதிப்பீடு அது. பிழை எங்கே இருக்கிறது, என்ன கெடுகிறது என்பது இரு தரப்புக்கும் ஒரேபோல் தெரியும். அந்தக் கேடு எதுவரை போகும் என்பதில்தான் வேறுபட்டார்கள். அதற்கு விடை நிரலை வாசித்துக் கிடைக்காது. ஒருவர் உட்கார்ந்து தாக்கிப் பார்க்க வேண்டும். ஆக, பாதுகாப்புப் பிழை என்ற முடிவுக்குச் சான்று உண்டு: ஓடும் தாக்குநிரல் ஒன்று. நம்பகப் பிழை மட்டுமே என்ற முடிவுக்கு அப்படிப்பட்ட சான்று எதுவும் இருக்க முடியாது. எவரும் இதுவரை வழி காணவில்லை என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. ஒரு பெயர் நிரூபிக்கக்கூடியது, மற்றது நிரூபிக்கவே முடியாதது. இரண்டையும் சமமான வகைகளாகப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதே முதல் பிழை.

நிரல் அப்படியே இருக்கச் சுற்றியுள்ள உலகம் மாறுவதாலும் விடை மாறும். லினக்ஸ் கெர்னலில் 'டர்ட்டி கவ்' என்று பெயர்பெற்ற ஓட்டை இதற்குச் சாட்சி. எழுதத் தடையுள்ள நினைவகப் பக்கத்தில் எழுத வழிவிட்ட போட்டிநிலைப் பிழை அது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இலேயே அதைத் திருத்த முயன்றார். எஸ்390 கணினிகளில் சிக்கல் வந்ததால் அந்தத் திருத்தம் விலக்கப்பட்டது. 2016 அக்டோபரில் மீண்டும் திருத்தியபோது அவரே எழுதிய குறிப்பில் காரணம் இருக்கிறது: அன்று கோட்பாட்டளவில் மட்டும் நிகழக்கூடியதாக இருந்த போட்டிநிலை, நினைவக மேலாண்மை வளர்ந்ததில் எளிதாக நிகழ்த்தக்கூடியதாகிவிட்டது. 2005இல் அதை நம்பகப் பிழை என்று எவராவது வகைப்படுத்தியிருந்தால் அன்றைக்கு அது தவறாக இருந்திருக்காது. பதினோரு ஆண்டுகளுக்குப் பின் அதே வகைப்பாடு ஆபத்தானது.

லினக்ஸ் கெர்னல் குழு இந்தச் சிக்கலைத் தன் வழியில் அறுத்துவிட்டது. பாதுகாப்புப் பிழையும் பிழைதான், அதற்குத் தனி மரியாதை வேண்டாம் என்பது டோர்வால்ட்ஸின் பழைய நிலைப்பாடு. 2024 பிப்ரவரியில் அக்குழு, ஓட்டைகளை அடையாளப்படுத்தும் சிவிஇ எண்களைத் தானே வழங்கும் உரிமை பெற்றதும், நிலையான கிளைகளுக்குச் செல்லும் திருத்தங்களில் ஓட்டையாக இருக்கக்கூடும் என்று தோன்றுகிற எல்லாவற்றுக்கும் எண் கொடுக்கத் தொடங்கியது. கெர்னல் இருக்கும் இடத்தில் ஏறக்குறைய எந்தப் பிழையும் ஓட்டையாகலாம். திருத்தும் நேரத்தில் அது தெரியாமலும் போகலாம் என்பது அவர்கள் தரும் விளக்கம். அறிவு சார்ந்து பார்த்தால் நேர்மையான நிலைப்பாடு. நான் மேலே சொன்ன வாதத்தின் நேரடி விளைவும்கூட. ஆனால் நடைமுறையில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான எண்கள் வந்து குவிகின்றன. எல்லாம் அவசரம் என்றால் எதுவுமே அவசரமில்லை என்று ஒரு நிர்வாகி முடிவுசெய்வதைத் தடுக்க முடியாது. ஃப்ரீபிஎஸ்டி பாதுகாப்பு அறிவிப்பு, பிழை அறிவிப்பு என்று இரண்டு தனி வரிசைகளே வைத்திருக்கிறது. அங்கும் இதே கேள்விதான், விரித்துரைக்கத் தேவையில்லை.

நிர்வாகியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பெயர் எதற்கு வேண்டும் என்பது விளங்கும். 2017 ஏப்ரலில் 6.1 வெளியாகும்வரை ஓபன்பிஎஸ்டியில் திருத்தம் போடுவதென்றால் மூலநிரலை இறக்கி, பேட்ச் போட்டு, கெர்னலைத் திரும்பக் கம்பைல் செய்து, நிறுவி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். 6.1இல் வந்த சிஸ்பேட்ச் என்னும் கருவி, கையொப்பமிட்ட இருமத் திருத்தங்களை ஒரே கட்டளையில் இறக்கிப் போட்டுவிடுகிறது. இருந்தாலும் கெர்னல் திருத்தமென்றால் மறுதொடக்கம் இன்றும் தவிர்க்க முடியாதது. ஓபன்பிஎஸ்டியைப் பெரும்பாலும் தீயரணாகவும் ரவுட்டராகவும் வைத்திருப்பவர்களுக்கு அது அலுவலகம் முழுவதன் இணைப்பையும் சில நிமிடம் அறுப்பது. இன்றிரவா, வார இறுதியிலா, அடுத்த வெளியீட்டோடு சேர்த்தா என்று முடிவெடுக்க அவர் பார்ப்பது அந்தத் தடித்த எழுத்தைத்தான். அதாவது, வகையைச் சொல்லும் பெயர் நடைமுறையில் காலக்கெடுவாக வேலை செய்கிறது. 2007 மார்ச் 7 முதல் 9 வரை அந்தப் பட்டியலைப் பார்த்த ஒருவர், ஐபிவி6 பாக்கெட்டுகளைத் தடுக்க பிஎஃப் தீயரணின் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி சேர்த்தால் போதும் என்ற மாற்றுவழி பக்கத்திலேயே இருந்தும், அவசரமில்லை என்று தள்ளிவைத்திருக்கலாம். அவரைக் குறை சொல்ல முடியுமா?

இங்கே ஒரு மறுப்பு எழும். பாதுகாப்பு என்று முன்கூட்டியே உரக்கச் சொன்னால் தாக்குபவருக்குத் துப்புக் கொடுத்ததாகாதா? 2017இல் வைஃபை இணைப்புகளின் டபிள்யூபிஏ2 பாதுகாப்பை உலுக்கிய கிராக் தாக்குதலின்போது இந்தக் கேள்வி நேரடியாகவே வந்தது. ஓபன்பிஎஸ்டி தன் திருத்தத்தை ஆகஸ்ட் 30 அன்று, பழைய டபிள்யூபிஏ சாவிகள் மீண்டும் நிறுவப்படக்கூடும் என்ற அடக்கமான ஒற்றை வாக்கியத்தோடு வெளியிட்டது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்; அக்டோபர் 16 அன்றுதான் விவரம் வெளிவந்தது. கண்டுபிடித்த மேத்தி வான்ஹோஃப், இனி ஓபன்பிஎஸ்டிக்கு, விவரத்தை வெளியிடாமல் வைத்திருக்கும் தடைக்காலம் முடியும் தறுவாயில்தான் தகவல் தருவேன் என்று சொல்லிவிட்டார். அவருடைய கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது திருத்தம் முந்தி வெளியானதைப் பற்றியது, பெயரைப் பற்றியதல்ல. திறமூல இயங்குதளத்தில் திருத்தம் என்பது எல்லோரும் வாசிக்கக்கூடிய நிரல்வரிகள். தாக்குபவர் அந்த வரிகளை வாசிக்கிறார். எந்த வரி கழிந்தது, எந்தச் சோதனை சேர்ந்தது என்று பார்க்கிறார். தலைப்பை நம்பி முடிவெடுப்பவர் நிர்வாகி ஒருவரே. எனவே அடக்கமான பெயர் யாரையாவது ஏமாற்றுமானால் அவரைத்தான் ஏமாற்றும்.

இன்னொரு சிக்கல் ஓபன்பிஎஸ்டியின் வெற்றியிலிருந்தே பிறப்பது. எழுதக்கூடிய நினைவகத்தில் நிரலை ஓட்டத் தடை, அடுக்கு வழிதலைக் காட்டிக்கொடுக்கும் காவல் மதிப்பு ஆகியவை 2003இல் 3.3 வெளியீட்டிலேயே வந்துவிட்டன. 2016இல் 5.9 வெளியீட்டோடு பரவலான பிளெட்ஜ், ஒரு நிரல் தான் செய்யப்போகும் வேலைகளை முன்கூட்டியே அறிவித்துவிடும் ஏற்பாடு. அறிவித்ததை மீறினால் கெர்னல் அந்த நிரலை அந்த இடத்திலேயே கொன்றுவிடும். நிர்வாகிக்குக் கிடைப்பது பதிவேட்டில் ஒரு வரி: நிரலின் பெயர், அதன் எண், மீறப்பட்ட வாக்குறுதி, கூப்பிட முயன்ற சிஸ்டம்கால். இந்த ஏற்பாடுகள் செய்வதன் சாரம், உள்ளே புகும் முயற்சியை விழுந்துபோன நிரலாக மாற்றுவது. முன்பு பாதுகாப்புப் பிழையாக இருந்திருக்கக்கூடியது இப்போது நம்பகப் பிழையாகக் கண்ணுக்குப் படுகிறது. இந்த மாற்றம் எல்லா நேரமும் முழுமையாக நடப்பதில்லை. 2007இன் தாக்குதலும் இப்படித்தான் தப்பியது: பயனர் நிரல்களுக்கு இருந்த நினைவகத் தடை, அன்றைய ஐ386 கெர்னலுக்குள் செல்லுபடியாகவில்லை. ஆகவே, காப்பு வலுவான ஓர் இயங்குதளத்தில் நம்பகத் திருத்தம் என்ற சொல்லை, காப்பு பழுதின்றி நின்றால் இது விழுவதோடு போகும் என்ற நிபந்தனையோடு வாசிக்க வேண்டும். பட்டியல் அந்த நிபந்தனையை எழுதுவதில்லை.

பட்டியலுக்கே வராதவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியீடு. கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டும் திருத்தம். வளர்ச்சிக் கிளையில் நாள்தோறும் திருத்தப்படும் பிழைகளில் மிகச் சிலவே அந்த இரண்டுக்கும் பின்கொண்டு செல்லப்படுகின்றன. மற்றவை அடுத்த வெளியீட்டில் சத்தமில்லாமல் வந்து சேரும். எதைப் பின்கொண்டு செல்வது என்பதும், இது எதுவரை போகும் என்ற அதே ஊகத்தின் மேல் எடுக்கும் முடிவு. பெயர் சூட்டுவதிலாவது சர்ச்சைக்கு இடமிருக்கிறது. பின்கொண்டு செல்லாமல் விட்டதற்குப் பெயரே இல்லை, சர்ச்சையும் இல்லை.

பிரிவினையைக் கைவிட வேண்டும் என்பது என் கருத்தல்ல. லினக்ஸின் வழி நிர்வாகியைத் தனியே விட்டுவிடுகிறது. கெர்னலில் நினைவகம் கெடும் பிழை எதுவானாலும், புக வழியில்லை என்று காட்டும்வரை பாதுகாப்புத் திருத்தமாகவே அறிவிக்கப்பட வேண்டும். நிரூபிக்கும் சுமை இப்போது கண்டுபிடித்தவர் தலையில் இருக்கிறது; அது திருத்துபவருக்கு மாற வேண்டும். பெயர் மாறும்போது மாற்றம் பதிவாகவும் வேண்டும். 4.0 வெளியீட்டின் பட்டியலில் பத்தாவது பதிவு இன்று பாதுகாப்புத் திருத்தம், மார்ச் 7, 2007 என்றே நிற்கிறது. திருத்த நிரல் மார்ச் 17 அன்று இரண்டாம் முறை மாற்றப்பட்டது என்ற குறிப்பும் அதில் இருக்கிறது. நடுவே இரண்டு நாள் அது வேறு பெயரில் இருந்தது என்பதற்கு அந்தப் பதிவில் அடையாளம் இல்லை. கோர் நிறுவன அறிக்கையின் காலவரிசையில்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.