சங்கும் தறியும்

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம் என்றதும் வைஷ்ணவர்களுக்குக் கூரத்தாழ்வான் நினைவு வரும்; சரித்திரம் படித்தவர்களுக்குப் பல்லவன் பரமேசுவரவர்மனின் செப்பேடு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் செப்பேட்டில் செக்கோடு தறியும் பேசப்படுகிறது. எனக்கோ என் பாட்டியின் குரல்தான் காதில் விழும்.

பாட்டனார் 1950-களில் கூரத்தில் தறியை விட்டுவிட்டு, சென்னையில் ஒரு பஞ்சாலையில் சேர்ந்தவர். பாட்டியும் குழந்தைகளும் பின்னோடு போனார்கள். விடியுமுன் எழுந்து, தூக்குப் பாத்திரத்தில் பழையதை எடுத்துக்கொண்டு, சங்கு ஊதுவதற்குள் ஓடுவாராம். அந்தச் சங்கை எமனுடைய எருமைக்குக் கட்டிய மணி என்று நான் ஒரு கதையில் வர்ணித்திருந்தேன். வயதான காலத்தில் கூரத்துக்கே திரும்பிவிட்ட பாட்டிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள்.

"ஆலையிலே சங்கு ஊதினா உங்க தாத்தா எழுந்து வந்துடலாம். தறிக்கு எவன்டா சங்கு ஊதினான்?"

அந்தக் கேள்வி என்னைச் சரித்திரப் புத்தகங்களைப் புரட்ட வைத்தது.

ஆலைச் சங்கு இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்த சரக்கு. லங்காஷயர் பஞ்சாலை ஊர்களில் நீண்ட கோலால் ஜன்னலைத் தட்டித் தொழிலாளிகளை எழுப்புவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இருந்தார்கள். அதே ஊர்களில் கோடையில் ஒரு வாரம் ஆலைகள் மூடும். ஊரே திரண்டு பிளாக்பூல் கடற்கரைக்கு ரயிலேறும். பறிகொடுத்த நேரத்தைத் தொழிலாளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வாங்கிக்கொண்ட கதை அது.

இங்கேயும் அதே கதைதான். 1911-ஆம் வருஷத்துச் சட்டப்படி பஞ்சாலையில் ஓர் ஆண்பிள்ளையிடம் நாளைக்கு 12 மணி நேரம் வேலை வாங்கலாம். 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களில் ஒருவர். பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளிகள் அன்று கேட்டவற்றில் ஒன்று, மத்தியானம் சாப்பிட இன்னும் சில நிமிஷங்கள்! 1922-ல் வாரத்துக்கு 60 மணி என்று சட்டம் வந்தது, 1934-ல் 54, 1946-ல் 48.

வீட்டுத் தறிக்கு இந்தச் சட்டமெல்லாம் எட்டவில்லை. கூரத்தில் பாட்டனார் தறிக் குழியில் இறங்கினால் பாட்டி தார் சுற்றுவாள்; பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுவான். விளக்கில் எண்ணெய் உள்ளவரை வேலை. கூலி ஒன்று, உழைத்த கைகள் மூன்று ஜோடி. மழை பெய்தால் ஓய்வு. அன்று அடுப்புக்கும் ஓய்வு.

ஆலையில் சேர்ந்த பிறகு பாட்டனார் முகம் கழுவிக்கொண்டு குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போனாராம். எங்கள் வம்சத்தில் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதை முதன்முதலில் கண்டவர் அவர்தான்.

பெரம்பூர் ஆலை 1996-ல் மூடப்பட்டது. அதன் சங்கும் ஓய்ந்தது. என்னுடைய அந்தக் கதையை மட்டும் நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை.