வாளையாறு, சாந்தன்பாறை, சைலன்ட் வேலி: பாறையை விடாத மீன்களுக்கு அணை ஏன் ஆபத்து?

அயிரை மீன் குழம்பு சாப்பிட்டிருப்பீங்க. அந்த அயிரைக்குத் தூரத்துச் சொந்தம் ஒன்று, கேரள எல்லை மலைகளில் வேகமாக ஓடும் ஓடைகளின் அடித்தரையில் வாழ்கிறது. அறிவியல் பெயர் பவானியா ஆஸ்ட்ராலிஸ். நீளம் 10 சென்டிமீட்டருக்குள்தான். பழுப்பு உடம்பில் திட்டுத் திட்டாகக் கறுப்பு. பாறையில் ஒட்டிக் கிடந்தால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

இந்த மீனை முதலில் விவரித்தவர் டி.சி. ஜெர்டன், கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவ மருத்துவர். ஆண்டு 1849. மீன் கிடைத்த இடம் வாளையாறு. ஆமாம், கோவையிலிருந்து பாலக்காடு போகும்போது செக்போஸ்ட் வருமே, அதே வாளையாறுதான். 1920-ல் விலங்கியலாளர் சுந்தர்லால் ஹோரா, பவானி ஆற்றை வைத்து இந்தப் பேரினத்துக்கு பவானியா என்று பெயரிட்டார்.

அவ்வளவு வேகத்தில் எப்படி நிற்கிறது?

ஆற்றில் தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பாறையை உரசிக்கொண்டு போகும் மெல்லிய அடுக்கில் வேகம் வெகுவாகக் குறையும். பவானியாவின் உடம்பு அந்த அடுக்குக்குள் படுத்துக்கொள்கிற மாதிரி தட்டையானது. வயிற்றுப் பக்கம் சப்பை. மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் மற்ற மீன்களைப் போல மடங்கி நிற்காமல், இரண்டு பக்கமும் விரித்த விசிறி மாதிரி பாறைமேல் படியும். துடுப்புகளின் அடிப்பக்கத்தில் பிடிப்புக்கென்றே தடித்த தோல் இருக்கிறது. மேலே ஓடும் தண்ணீர் மீனைப் பெயர்த்துத் தூக்க முடியாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

இன்னொரு மாற்றம் உள்ளே. மீன்கள் மிதக்க உதவும் காற்றுப்பை இதற்குச் சுருங்கி, எலும்புக் கூட்டுக்குள் அடங்கிக் கிடக்கிறது. மிதப்பது இதற்கு ஆபத்து, மிதந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். சுவாரசியம் என்னன்னா, ஆழ்கடல் தரையில் வாழும் பல மீன்களுக்கும் காற்றுப்பை சுருங்கியிருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அங்கே அழுத்தம், இங்கே வேகம். தரையை விட்டு எழ வேண்டாம் என்ற முடிவு மட்டும் ஒன்று.

சாப்பாடும் பாறையிலேயே: மேலே படியும் பாசி, பூச்சிகளின் இளம்புழுக்கள். மூச்சுக்குத் தேவையான ஆக்ஸிஜனை, கல்லில் மோதி நுரைக்கும் குளிர்ந்த தண்ணீர் கொடுக்கிறது. அதாவது இதற்கு ஆறு இருந்தால் மட்டும் போதாது, ஆழமில்லாத, கல் நிறைந்த, நிற்காமல் ஓடுகிற பகுதி வேண்டும்.

ஒரு மீனா, பல மீன்களா?

ஐயுசிஎன் சிவப்புப் பட்டியலில் பவானியா ஆஸ்ட்ராலிஸ் ‘கவலை குறைந்த’ வகையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்கில் பல ஆறுகளில் கிடைப்பதால் அந்த இடம். ஆனால் 2020-ல் ‘ஜர்னல் ஆஃப் பயோஜியோகிராஃபி’ இதழில் வந்த மரபணு ஆய்வு, ஒரே பெயரில் இருக்கும் இந்த மீன்கள் மயோசீன் காலத்திலிருந்தே, அதாவது 50 லட்சம் ஆண்டுகளுக்கும் மேலாக, தனித்தனி வழிகளில் பிரிந்து வந்தவை என்று காட்டியது. மலையில் ஒட்டி வாழும் மீன், வெயில் காயும் சமவெளியைக் கடந்து அடுத்த மலைக்குப் போகாது. பாலக்காட்டுக் கணவாயே பல கிலோமீட்டர் அகலம்.

டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த சிக்கல்தான். பல வரிசைகளை ஒரே வரிசையாகச் சேர்த்துச் சராசரி எடுத்தால், எங்கே அடி விழுகிறது என்று தெரியாது. பட்டியலில் பெயர் ஒன்று, ‘கவலை குறைவு’. தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் வாழிடமும் சின்னது.

சாந்தன்பாறையும் சைலன்ட் வேலியும்

2022-ல் நீலக்குறிஞ்சி பார்க்கக் கூட்டம் கூடிய இடுக்கி சாந்தன்பாறை நினைவிருக்கலாம். அங்கே பன்னியாறு ஓடையில் கிடைத்த, இதே குடும்பத்தைச் சேர்ந்த மீனை 2002-ல் அருணாசலம், ஜான்சன், ரமா தேவி ஆகியோர் புது இனமாக அறிவித்தார்கள். ஊர்ப் பெயரையே வைத்தார்கள்: சாந்தம்பாறையென்சிஸ். ஆனால் பன்னியாற்றில் ஆனையிறங்கல், பொன்முடி அணைகள் 1960-களிலேயே வந்துவிட்டன. அணைக்குப் பின்னால் தண்ணீர் நிற்கும். வண்டல் இறங்கிக் கல்லை மூடும். பாசி வளர வெளிச்சமில்லை, ஒட்டிக்கொள்ளப் பரப்பும் இல்லை. நீர்த்தேக்கத்துக்கு அடியில் போன ஓடைப் பகுதிகளில் என்னென்ன இருந்தன என்று பார்க்க இனி வழியில்லை.

பாலக்காட்டில் கதை வேறு. சைலன்ட் வேலியிலிருந்து இதே குடும்பத்தின் இன்னொரு இனம் 1981-ல் விவரிக்கப்பட்டது. இன்றைய பெயர் காட்சா பிள்ளையி. குந்திப்புழாவில் அணை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை உச்சத்தில் இருந்த நேரம். போராட்டத்தின் முகம் சிங்கவால் குரங்குதான், இந்த மீனை யாருக்கும் தெரியாது. 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் தேசியப் பூங்கா அறிவிப்பு வந்தது. குந்திப்புழா அங்கே இன்னும் கல்லில் மோதித்தான் ஓடுகிறது.

பெரிய அணை மட்டுமல்ல, சாலை அகலப்படுத்தும்போது ஓடையில் தள்ளும் மண்ணும் இதே வேலையைச் செய்யும். மூணாறு டிரிப்பில் ஓடைக் கற்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ரீல்ஸ் எடுக்கிறோமே, அந்தக் கல்லின் அடிப்பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பாருங்க. ஈரமாக, பாசியோடு, ஊரும் புழுக்களோடு இருந்தால், அது யாரோ ஒருத்தரின் சாப்பாட்டுத் தட்டு. இருந்த இடத்திலேயே வைத்துவிடலாம்.