உம்மம்மாவின் ஆமணக்கெண்ணெயும் யுத்த விமானமும்

ஆமணக்கெண்ணெய் என்றதும் எங்களுக்கு நினைவு வருவது, உம்மம்மா மூக்கைப் பிடித்துக் குடிக்கத் தந்த பேதி மருந்துதான். அதே எண்ணெயை நம்பித்தான் முதலாம் உலகப் போரில் சொப்வித் கமல் போன்ற விமானங்கள் பறந்தன.

அவற்றின் இயந்திரம் விசித்திரமானது. சிலிண்டர்களே புரொப்பெல்லருடன் சேர்ந்து சுழலும். பெற்றோலும் காற்றும் கிராங் பெட்டிக்குள்ளால்தான் சிலிண்டருக்குப் போகும். அங்கே கனிய எண்ணெய் விட்டால் பெற்றோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். ஆமணக்கெண்ணெய் பெற்றோலில் இலகுவில் கரையாது. சூட்டிலும் உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்ளும். ஆனால் உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது, புகையோடு வெளியேறி விமானியின் முகத்தில் அடிக்கும். விழுங்கியவர்களுக்கு வயிற்றால் போனதாம். உம்மம்மா கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

போரின் கடைசி வருடங்களில் எண்ணெய் போதவில்லை. இந்தியாவிலிருந்து விதை தருவித்து புளோரிடாவில் பயிரிட வைத்தது அமெரிக்க அரசு. 1909இல் வந்த 'காஸ்ட்ரோல்' என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான காஸ்டரிலிருந்து பிறந்ததுதான்.

குறையும் உண்டு. சூட்டிலும் காற்றிலும் நாளடைவில் பிசினாக இறுகிவிடும். தையல் மெஷினுக்கு அவசரத்தில் சமையல் எண்ணெய் விட்டு, பிறகு சில்லைச் சுற்ற முடியாமல் நின்ற எங்களுக்கு இது புதிதல்ல. மலிவான கனிய எண்ணெய் மெல்ல மெல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆனாலும் ஆமணக்கு முற்றாகப் போகவில்லை. 1940களில் வந்த லித்தியம் கிறீஸை இறுக வைக்கும் சவர்க்காரம், ஆமணக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் கொழுப்பமிலத்தில் செய்யப்படுவது. சில்லுப் பெயாரிங்குகளுக்கு இன்றும் அதைத்தான் பூசுகிறோம்.