காக்காவைத் ‘தாத்தா’ என்னும் குழந்தை: பேச்சுச் சிகிச்சையின் ஒரு திருப்பம்

நாலு வயசுக் குழந்தை காக்காவைக் காட்டி ‘தாத்தா’ என்கிறது. ‘கல்’ அதுக்குத் ‘தல்’, ‘பக்கம்’ அதுக்குப் ‘பத்தம்’. ரெண்டு வயசில் இது சகஜம். நாலு வயசிலும் தொடர்ந்தால் காட்ட வேண்டியதுதான். ஆனா என்ன வைத்தியம்?

1939-ல் அமெரிக்காவில் சார்லஸ் வான் ரைப்பர் எழுதிய ‘ஸ்பீச் கரெக்‌ஷன்’ என்ற பாடநூல் ஒரு ஏணியைப் போட்டுக் கொடுத்தது. (அவரே திக்கிப் பேசியவர்.) முதலில் காதுப் பயிற்சி: சரியான ஒலி எது, தப்பான ஒலி எது என்று குழந்தை பிரித்துக் கேட்கணும். பிறகு அந்த ஒலி தனியாக, அசையில், சொல்லில், வாக்கியத்தில். ஒரு ஒலி முடிந்தால் அடுத்தது. ‘ஸ’ மட்டும் வராத பிள்ளைக்கு இது நல்ல முறை. பத்து ஒலி வராத பிள்ளைக்கு? வருஷக்கணக்கில் இழுக்கும்.

மாற்றம் மொழியியலிலிருந்து வந்தது. நாஜிகளுக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்த ரோமன் யாகப்சன் 1941-ல் ஜெர்மனில் ஒரு சின்ன புத்தகம் எழுதினார். குழந்தை ஒலிகளைத் தனித்தனியாகச் சேர்ப்பதில்லை, ஒலிகளுக்கு இடையேயான வேறுபாடுகளைத்தான் கற்கிறது என்பது அவர் வாதம். அது ஆங்கிலத்துக்கு வர 1968 ஆகிவிட்டது. அடுத்த வருஷமே டேவிட் ஸ்டாம்ப், குழந்தைகளின் ‘தப்பு’கள் ஒழுங்கான விதிகள் என்று எழுதினார். டேவிட் இங்ராம் 1976-ல் இதைப் பேச்சுக் கோளாறுள்ள குழந்தைகளுக்குப் பொருத்திப் பார்த்தார்.

அப்படிப் பார்த்தால் நம்ம காக்கா கதையே வேறு. அங்கே நாக்கு தடுமாறவில்லை. வாயின் பின்பக்கத்தில் பிறக்கும் ஒலியை எல்லாம் முன்பக்கத்துக்குக் கொண்டுவா என்று ஒரு விதி ஓடுது. காதும் பழுதில்லை. பெர்கோவும் பிரவுனும் 1960-ல் பதிவு செய்த ஒரு பையன் ‘ஃபிஷ்’ஷை ‘ஃபிஸ்’ என்பான். பெரியவர் அதே மாதிரி ‘ஃபிஸ்’ என்றால் ஒத்துக்கமாட்டான்! அவனிடம் போய் “சரியாச் சொல்லு” என்று அதட்டி என்ன பயன்?

விதியை எப்படி உடைப்பது? ஃபிரெடரிக் வீனர் 1981-ல் இரண்டு குழந்தைகளிடம் செய்து பார்த்தது எனக்கு ரொம்பப் பிடிச்ச வழி. ஒரே ஒரு ஒலியில் வேறுபடும் சொற்களுக்குப் படங்கள். தமிழில் சொன்னால், ‘கட்டு’ படம் வேணும் என்று நினைத்துக் குழந்தை ‘தட்டு’ என்றால், சிகிச்சையாளர் தட்டுப் படத்தையே எடுத்துக் கொடுப்பார். திட்டு கிடையாது. கேட்டது கிடைக்கலையே என்று குழந்தைக்கே உறைக்கும்.

பேச்சே புரியாத குழந்தைகளுக்கு பார்பரா ஹாட்சனும் எலைன் பேடனும் 1983-ல் சுழற்சி முறையைப் புத்தகமாக்கினார்கள். ஒரு ஒலிக்குச் சுமார் ஒரு மணி நேரம், முழுசா வந்ததோ இல்லையோ அடுத்ததுக்குப் போய்விடுவார்கள், பிறகு சுற்றித் திரும்பி வருவார்கள். வேடிக்கை என்னன்னா, ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் முடிவிலும் குழந்தை சில சொற்களைக் கொஞ்சம் சத்தம் கூட்டிக் கேட்கணும். சரி, தப்பு என்று எதையும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், சும்மா கேட்டால் போதும். வான் ரைப்பரின் காதுப் பயிற்சி கொல்லைப்புறமாகத் திரும்பி வந்துவிட்டது.