தச்சு மூட்டும் கற்கோயிலும்: வேலூர்க் கல்யாண மண்டபத்தை முன்வைத்து

திறவுச்சொற்கள்: தச்சுக்கலை, துளை, குடுமி, கொடுங்கை, வேலூர்க் கோட்டை

முன்னுரை

தமிழகக் கற்கோயில்கள் மரக் கட்டடக் கலையின் வழிவந்தவை என்பது ஆய்வாளர் பலர் ஏற்ற கருத்தாகும். அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் அலங்கார உறுப்புகளே காட்டப்படுகின்றன. மூட்டு முறையும் இணையான சான்றாகக் கொள்ளத்தக்கது என்பதை இக்கட்டுரை முன்வைக்கிறது.

துளையும் குடுமியும்

மரச்சட்டம் இரண்டை இணைக்கத் தச்சர் ஒன்றில் துளையிடுவர். மற்றொன்றின் முனையைச் செதுக்கிக் குடுமியாக்குவர். சட்டக் கனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குடுமிக்கு உரியது. அது மிகுந்தால் துளையின் பக்கச் சுவர்கள் பிளக்கும்; குறைந்தால் குடுமி முறியும். துளையை முதலில் உளியால் வெட்டிய பின்னரே குடுமியை அதற்கேற்பச் சீவுவர்; குடுமியைக் குறைப்பது எளிது, துளையைத் திருத்துவது அரிது. கதவு சுழலும் முனைக்கும் குடுமி என்னும் பெயர் உண்டு. மயமதம், மானசாரம் ஆகிய சிற்ப நூல்கள் மர இணைப்புக்குத் தனி இயலே வகுத்துள்ளன.

குடைவரையிலிருந்து கட்டுமானத்திற்கு

செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இன்றிக் கோயில் எடுத்ததாக முதலாம் மகேந்திரவர்மனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு கூறுகிறது. இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்து மகேந்திரவாடியிலும் அவன் திருமாலுக்குக் குடைவரை அமைத்தான். ஒரே பாறையில் குடைந்ததற்கு மூட்டுத் தேவையில்லை. கற்களை அடுக்கிக் கோயில் கட்டத் தொடங்கியபோதே தச்சரின் பழைய சிக்கல் கல்லில் மீண்டது. கல்லில் மூட்டின் பணி சற்று வேறு: மேலுள்ள எடையே கற்களை இறுக்குகிறது, குடுமி பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது.

இத்தொடர்ச்சி சொல்வழக்கிலும் உள்ளது. கல்லில் வேலை செய்வோர் கல்தச்சர் எனப்படுகின்றனர். 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லனை இராசராசப் பெருந்தச்சன் என்றே குறிக்கிறது.

வேலூர் மண்டபம்

வேலூர்க் கோட்டையினுள் உள்ள சலகண்டேசுவரர் கோயில் 16ஆம் நூற்றாண்டுக்குரியது. அதன் கல்யாண மண்டபத்துக் கொடுங்கை இரட்டை வளைவுடையது. அதன் அடிப்புறத்தில் மரச்சட்டப் பின்னல் போன்ற வேலைப்பாடு கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. 1876இல் வெளிவந்த தம் நூலில் ஜேம்ஸ் பெர்குசன் இக்கொடுங்கையை வியந்து எழுதினார். இச்சட்டங்கள் மரத்தின் உருவத்தை மட்டுமே காட்டுகின்றன. கற்களை உண்மையில் பிணைக்கும் மூட்டுகளோ கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இம்மண்டபத்தைப் பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் எண்ணினர் என்றொரு செவிவழிச் செய்தியும் வழங்குகிறது. துண்டு துண்டாகப் பொருத்தப்பட்ட கட்டடம் என்னும் அறிதல் அக்கதையின் அடியில் உள்ளது.

முடிவுரை

கொடுங்கை மரத்தின் தோற்றத்தைக் காத்தது. மூட்டு தச்சரின் அறிவைக் காத்தது. முன்னதைப் படம்பிடிக்கலாம். பின்னதோ மண்டபம் சரியும்போதோ திருப்பணியில் கற்கள் பிரிக்கப்படும்போதோதான் வெளிப்படுகிறது. அவ்வேளையில் துளை, குடுமி ஆகியவற்றின் அளவுகளைப் பதியாமல் சிமெந்து பூசினால் அச்சான்று மறைந்துபோகும். கல்வெட்டுகளைப் படியெடுப்பதுபோல மூட்டுகளையும் அளந்து பதிவது ஆய்வாளரின் கடமையாகும்.