'டிஸ்பிளேஸ்ட்' என்றால் யார் பெயர்த்தது?

ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகள் சுலபம் என்று தாண்டிப் போகும் சொற்களில் ஒன்று 'டிஸ்பிளேஸ்ட்'. வன்னியில் அதைக் கேள்விப்படாத வீடு இல்லை. ஐ.டி.பி. என்ற மூன்று எழுத்தில் நடு எழுத்து அதுதான். கருத்துக் கேட்டால் 'இடம்பெயர்ந்த' என்று உடனே பதில் வரும். பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பெயரடை பார்வைக்குத்தான் சுலபம்.

'டிஸ்பிளேஸ்' என்ற வினைக்கு ஒரு ஆள் வேண்டும். ஒருவரோ ஒன்றோ இன்னொன்றை அதன் இடத்திலிருந்து அகற்றுவதுதான் அந்த வினை. அதிலிருந்து பிறந்த பெயரடைக்குள் செயப்பாட்டுவினை ஒளிந்திருக்கிறது. பக்கத்தில் 'பை' என்ற சின்னச் சொல்லை வைத்து யாரால், எதனால் என்று எழுதலாம்: வெள்ளத்தால், யுத்தத்தால், ஒரு கட்டளையால். தமிழில் 'இடம்பெயர்ந்த' தன்வினை. பறவைகள் பருவத்துக்கு இடம்பெயரும். அங்கே யாரால் என்ற கேள்விக்கே இடமில்லை.

விஞ்ஞான ஆசிரியர்கள் இதில் எங்களைவிடக் கவனம். ஆக்கிமிடீசின் தத்துவத்தைப் படிப்பிக்கும்போது 'இடம்பெயர்க்கப்பட்ட நீர்' என்பார்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். கல் விழுந்ததால் நீர் விலகியது, தானாக எழும்பிப் போகவில்லை. நீருக்குக் கொடுத்த அந்த 'க்கப்பட்ட', மனிதரிடம் வரும்போது பத்திரிகைகளில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது.

இந்தச் சொல் மனிதர்மேல் பெரிய அளவில் ஒட்டியது இரண்டாம் உலக யுத்தத்தோடு. வீடு திரும்ப முடியாமல் ஐரோப்பிய முகாம்களில் கிடந்த இலட்சக்கணக்கானோருக்கு அதுதான் பெயரானது. பிறகு 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனம், நாட்டின் எல்லையைத் தாண்டியவரே அகதி என்று வரையறுத்தது. அப்படியானால் தாண்டாதவர்? அவர்களுக்காகத்தான் 'உள்நாட்டில்' என்ற அடை முன்னால் வந்தது. 1998இல் ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகள், பலவந்தமாகவோ வேறு வழியில்லாமலோ வீட்டை விட்டுப் போக நேர்ந்தும் எல்லை தாண்டாதவர் என்று அவர்களை விளக்கின. மன்னாரிலிருந்து படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர் அகதி. அதே மன்னாரிலிருந்து கற்பிட்டிக்குப் போனவர் அகதி இல்லை. எங்கட சனம் இந்த வித்தியாசத்தைக் கணக்கெடுக்கவே இல்லை. புத்தளத்தில் இருந்ததும் அகதி முகாம்தான். கதியற்றவர் அகதி, கடலைத் தாண்டினால் என்ன, தாண்டாவிட்டால் என்ன.

இனி 1990 ஒக்டோபர். விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்களை வெளியேறும்படி கட்டளையிட்டார்கள். இரண்டு வாரங்களுக்குள் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், வவுனியாவின் ஒரு பகுதி எல்லாம் காலியாகின. சுமார் 75,000 பேர். நாச்சிக்குடாவும் தண்ணீரூற்றும் நீராவிப்பிட்டியும் அதில் அடக்கம். யாழ்ப்பாண நகரத்துக்கு ஒக்டோபர் 30; கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். இதற்கு ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெல்ட்' என்ற சொல் இருக்கிறது, 'எவிக்டட்' இருக்கிறது. தமிழில் 'வெளியேற்றப்பட்ட' இருக்கிறது. 'இடம்பெயர்ந்த' என்று எழுதினால் கட்டளை கொடுத்தவர் வாக்கியத்தை விட்டே போய்விடுகிறார்.

சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30. இராணுவம் முன்னேற, புலிகளும் வெளியேறச் சொல்ல, வலிகாமத்துத் தமிழ்ச் சனம் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் நாவற்குழிப் பக்கம் நகர்ந்தது. பலர் கிளாலிக் கடலைக் கடந்து கிளிநொச்சிக்கு வந்தார்கள். அடுத்த வருடம் கிளிநொச்சியும் போனது. 2009இல் முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். 'நாங்களும்தானே சேர் இடம்பெயர்ந்தனாங்கள்' என்று சில தமிழ் நண்பர்கள் என்னிடம் சொல்வதுண்டு. உண்மை. இழப்பைத் தராசில் வைக்க நான் வரவில்லை. அவர்களுக்கும் அந்தத் தன்வினை அநியாயம்தான் செய்கிறது. ஷெல் விழுந்து ஓடியவரும், 1984 டிசம்பரில் இராணுவம் போகச் சொல்லிப் போன கொக்கிளாய், கொக்குத்தொடுவாய்த் தமிழரும் பறவைகள் இல்லை.

சமாதான காலத்தில், 2002 ஏப்ரல் 10 அன்று இதே கிளிநொச்சிப் பகுதியில் நடந்த பெரிய செய்தியாளர் மாநாட்டில் முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றியும் கேட்கப்பட்டது. அன்ரன் பாலசிங்கம் அதை நியாயப்படுத்தவில்லை, வருத்தம் தெரிவித்தார். மூன்று நாளில் ரவூப் ஹக்கீம் கிளிநொச்சிக்கு வந்து பிரபாகரனோடு ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார். முஸ்லிம்கள் திரும்பி வருவதும் அதில் இருந்தது. யுத்தம் திரும்பியது, உடன்பாடு கடதாசியில் நின்றுவிட்டது.

2009க்குப் பிறகு அந்தப் பெயரடைக்கு முன்னால் இன்னும் இரண்டு அடைகள் வந்தன: 'பழைய', 'புதிய'. 2008 ஏப்ரலுக்குப் பின் பெயர்ந்தவர் புதியவர், அதற்கு முந்தியவர் பழையவர். மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் கம்பிக்குள் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் இருந்தபோது அவசரம் அங்கேதான். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் 'பழைய' என்ற சொல் வரிசையில் பின்னால் தள்ளும் சொல்லாகவே தங்கிவிட்டது. 1990இல் ஒரு குடும்பமாகப் போனவர்கள் இருபது வருடத்தில் மூன்று நான்கு குடும்பமாகியிருந்தார்கள். திரும்பி வந்தால் காணி அதே ஒரு துண்டு, அதுவும் காடு பற்றிப்போய். மன்னார் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பக்கம் 2012இல் வர்த்தமானி மூலம் வனமாகவே அறிவிக்கப்பட்டது. காட்டை வெட்டிக் குடியேறியவர்களுக்கு வில்பத்துச் சர்ச்சையில் கிடைத்த பெயரடை 'சட்டவிரோத'.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான். வெள்ளத்துக்குப் பாடசாலையில் தங்கியவர்களைப் பற்றி எழுதும்போது 'டிஸ்பிளேஸ்ட்' போடுங்கள், 'பை த ஃபிளட்' என்று முடியுங்கள். ஒருவர் கட்டளையிட்டு ஊரை விட்டுத் துரத்தியிருந்தால் 'எக்ஸ்பெல்ட்'. காணியிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ எழுப்பியிருந்தால் 'எவிக்டட்'. மூன்றிலும் 'பை'க்குப் பிறகு வரும் சொல்லை முதலில் யோசித்துவிட்டு எழுதினால் பெயரடை தானாக வந்து நிற்கும். தமிழில் எழுதும்போது 'பெயர்ந்த', 'பெயர்க்கப்பட்ட', 'வெளியேற்றப்பட்ட' என்ற மூன்றையும் அதே கவனத்தோடு பிரித்துப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் எந்தச் சொல் பொருந்தும் என்று கேட்டுவிட்டு வந்தால் இன்னும் நல்லது.